ஏப்ரல் மாதப் பேச்சாளர்

லஸ் முனையில் மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஆட்டோ நின்றுவிட்டது. ஈவ்லினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடியில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. எல்லாம் வாசகர் வட்டத்து வாட்ஸப் குழுதான், அன்று மாலை அவள் பேசவிருந்த தலைப்பைப் பற்றி. 'போயும் போயும் அந்த ஆளைப் பற்றியா?' என்று ஒருவர். 'நிறம் மட்டும்தான் கறுப்பு' என்று இன்னொருவர். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அந்த ஆள் பிரைஸ், அமெரிக்காவில் ஒரு மாநில நீதிபதி. கறுப்பினத்தவர், பழமைவாதி. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் படிப்பேன், பிடிக்காவிட்டால் மக்கள் மாற்றிக்கொள்ளட்டும் என்பவர். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தும் ஈவ்லினுக்கு அவருடைய தீர்ப்புகளில் பாதி ஒத்துவராது. ஆனால் தன் இனத்துக்கே துரோகி என்று ஊரே அவரை ஏசியபோது, "என் தோலைப் பார்த்தே என் கருத்தைச் சொல்லிவிடலாம் என்றால் நான் எதற்கு யோசிக்க வேண்டும்?" என்று கேட்டாரே, அந்தத் துணிச்சலில் அவள் சொக்கிப்போனாள்.

வட்டம் நல்ல வட்டம்தான். யாரும் சாதி கேட்க மாட்டார்கள். கேட்காததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சாந்தோம் மாதாகோயில் பங்கைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் என்று ஈவ்லின் யாரிடமும் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஹம்சா சங்கீதம் பேசுவாள், சங்கரன் சிற்பம், பரத்வாஜ் உலக சினிமா. ஈவ்லினுக்கு வருஷா வருஷம் ஏப்ரலில் அம்பேத்கர். இந்த மார்ச்சில்தான் முதன்முதலாக அவளே ஒரு தலைப்பைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

கூட்டம் நடக்கும் மாடிக்கு ஏறியதும் வாசலிலேயே, யார் எதைப் பேசுவது என்று முடிவுசெய்யும் அமைப்பாளர் பரத்வாஜ், கையில் காபியோடு.

"தப்பா எடுத்துக்காதீங்க ஈவ்லின். இன்னிக்கு வேற ஏதாவது பேசிடுங்களேன்."

"ஏன் சார்?"

"வேற யாராவது அவரைப் புகழ்ந்தா விவாதம்னு விட்டுடலாம். நீங்களே புகழலாமா? உங்களுக்காகத்தானே நாங்க இத்தனை பேர் கத்திண்டிருக்கோம்!"

"உங்களுக்குன்னா யாருக்கு சார்?"

பரத்வாஜ் காபியை ஆற்றினார். பக்கத்தில் நின்ற ஹம்சா மின்விசிறியைப் பார்த்தாள்.

 இந்தச் சென்னையில் மனம்விட்டுப் பேச ஈவ்லினுக்கு இருந்தது இந்த ஒரு கூட்டம்தான். பேசினால் இது கைவிட்டுப் போகும். பேசாவிட்டால், சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் ஆளாகவே இங்கே உட்கார்ந்திருக்கலாம். நேரே மைக்கிடம் போனாள்.

பிரைஸைப் பற்றி நினைத்ததையெல்லாம் பேசினாள். எங்கே ஒத்துப்போகவில்லை என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில் யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள்.

பரத்வாஜ் ஒப்புக்கு நன்றி சொன்னார். "அடுத்த மாசம் ஏப்ரல். வழக்கம்போல ஈவ்லின்..."

"இல்ல சார். நான் உலக சினிமா பேசறேன். அம்பேத்கரை நீங்க பேசுங்க. அவர் எழுதின சட்டம் உங்களுக்கும்தானே?"

 அந்த வட்டத்தில் பரத்வாஜுக்கு இன்னொருவர் தலைப்புக் கொடுத்தது அன்றுதான் முதல் தடவை.