சனிக்கிழமைச் சட்டி

இருநூற்றுப் பதினாறு நாட்களாக ஜெயராணிக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அந்த விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது. காலையில் எழுந்ததும் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கருகே பிடிப்பாள். ஒன்றும் வராது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் சபைக் காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். பிறகு அடுப்பைப் பற்றவைப்பாள். அந்தப் புள்ளிகள் என்னவென்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கொழுந்தன் ராஜாமணிக்குச் சிதம்பரத்தில் பெண் நிச்சயம் செய்துவிட்டுக் கடலூர் திரும்பிய நாளில் அது நடந்தது. பஸ்ஸில் கூட்டம். ஜெயராணிக்கு உட்கார இடமில்லை. பின்சீட்டில் இருந்த கணவன் செம்பியனிடம் பேசுவதற்காக, வண்டி போகும் திசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தாள். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. அவுங்க வூட்டு கொத்சுலதான் பெருங்காயம் ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆலப்பாக்கம் தாண்டி ஏதோ ஓர் ஆட்டுக்காக டிரைவர் பிரேக் போட்டார். பின்மண்டை போய்க் கம்பியில் இடித்தது. ரத்தம் வரவில்லை. இரண்டு நாள் தலைவலி இருந்தது. மூன்றாம் நாள் தாளிக்கும்போது கறிவேப்பிலை சடசடத்தது, ஆனால் மணக்கவில்லை. ஆக, அவள் மூக்கில் கடைசியாகத் தங்கிய வாசனை அந்தப் பெண் பிரிசில்லா வீட்டுக் கொத்சின் பெருங்காயம்.

யாருக்கும் சொல்லாமல் ஒருநாள் மூக்கு டாக்டரிடம் போய் வந்தாள். "உள்ள நரம்பு அடிபட்டிருக்கும்மா. ஆறு மாசம் பாக்கலாம். வந்தா வரும்" என்றார் அவர். வராவிட்டால் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆறு மாதம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நாக்கு மட்டும் இருந்தது. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் சுடும். மீதி எல்லாம் ஈரக் காகிதம். அவள் கண்ணாலும் காதாலும் சமைக்கப் பழகிக்கொண்டாள். வெங்காயம் என்ன நிறத்துக்கு வரவேண்டும், குழம்பின் ஓரத்தில் எண்ணெய் எப்போது பிரியவேண்டும், எத்தனை கரண்டித் தூள் என்று எல்லாவற்றையும் அளந்து வைத்திருந்தாள். திங்கள் சாம்பார், செவ்வாய் காரக்குழம்பு, புதன் கீரை. வாரநாட்களில் அளவு அவளைக் காப்பாற்றியது. சனிக்கிழமை காப்பாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போதுதான் அவர்கள் வாரத்துக்கான காய்கறியும் கறியும் வாங்குவார்கள். அதனால் சனிக்கிழமை ராத்திரிக்கு வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான் சாப்பாடு. கடைக்குப் போகக்கூடாது. நாலு சுருங்கிய கத்திரிக்காய், ஒரு துண்டு பூசணி, பிடி துவரை, அடியில் கிடக்கும் கருவாடு என்று எதுவோ ஒன்று. ஒரே சட்டி. சனிக்கிழமைச் சட்டி என்றே அதற்குப் பெயர். அளவும் பக்குவமும் எழுதிவைக்க முடியாத சமையல் அது. எதோடு எது சேரும், எது இன்று தாங்கும், எது நேற்றே போய்விட்டது என்பதை மூக்குதான் சொல்லவேண்டும். பதினாலு வருஷம் ஜெயராணியின் மூக்கு சொன்னது. பக்கத்து வீட்டுத் தங்கம்மாள், கடையில் வாங்கிய நல்லெண்ணெயைக் கலப்படமா என்று கேட்க அவளிடம்தான் எடுத்து வருவாள்.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. சாப்பிடும் முன்பு செம்பியன் ஜெபம் செய்வான். முடிவில், "இதை ஆக்கின கைகளை ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொல்லாமல், ஆக்கியவரின் பெயரைச் சொல்லிக் கேட்பான். அவன் அப்பா அப்படிச் செய்தவர். பதினாலு வருஷமாக ஜெயராணியின் கைகள். செம்பியன் ருசியைப் பற்றி வேறெதுவும் பேசுகிறவன் அல்ல. அந்த ஒரு வரிதான் அவளுக்கு வந்து சேரும்.

கடந்த மூன்று சனிக்கிழமைகளாக அவன், ராஜாமணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்ட பிரிசில்லாவின் கைகளுக்காக ஜெபம் செய்தான்.

முதல் வாரம் ஜெயராணியே தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அதற்கு முந்திய வாரம் அவள் செய்த சட்டியை மகள் எஸ்தர் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்திருந்தாள். பதினோரு வயதுப் பெண்ணுக்கு நடிக்கத் தெரியாது. "அம்மா, சீக்கு வந்தவுங்களுக்கு ஆக்குற மாதிரி இருக்குது" என்றாள். ஆகவே தலைவலி. பிரிசில்லா அன்று நாலு கத்திரிக்காயைச் சுட்டு, மிச்சமிருந்த இட்லிக்குக் கொத்சு செய்தாள். ராஜாமணி சட்டியை வழித்தான். "அண்ணி, கோச்சிக்காதீங்க. இனிமே சனிக்கிழமைக்கு எங்க வூட்டம்மாதான் கேப்டன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயராணியும் சிரித்தாள். வாயில் கத்திரிக்காய் கொழகொழவென்று இருந்தது, அவ்வளவுதான்.

பிரிசில்லாவுக்கு இருபத்து மூன்று வயது. நிறமும் முடியும் ஜெயராணியைத் தொந்தரவு செய்யவில்லை. அந்தப் பெண் எந்த மூடியைத் திறந்தாலும் குனிந்து ஒரு நொடி மூச்சை இழுப்பாள். பால், மாவு, எஸ்தரின் தலைமுடி, மழைக்கு முந்திய வாசல் என்று எதுவானாலும் அப்படித்தான். தான் அப்படிச் செய்வதே அவளுக்குத் தெரிந்திருக்காது. கண்ணைப் பாதி மூடி, மூக்கு லேசாக விரியும். அந்த ஒரு நொடி வரும்போதெல்லாம் ஜெயராணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருமுறை, அவளுக்கு நல்ல ஜலதோஷம் பிடிக்கட்டும் என்று நினைத்துவிட்டு, அன்று ராத்திரி ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் திரும்பவும் நினைத்தாள்.

சொல்லிவிட்டிருக்கலாம். முதல் வாரமே சொல்லியிருந்தால் அது ஒரு நோய். இப்போது, வந்த மருமகள் பெயரெடுத்த பிறகு சொன்னால், சாக்கு. அதுவும் போகட்டும், சொன்ன மறுநாள் முதல் அந்த அடுப்பு யாருடையது?

இந்தச் சனிக்கிழமை காலையிலேயே அவள் சொல்லிவிட்டாள். "இன்னிக்கு நான் ஆக்குறேன்."

"நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா. நான் பாத்துக்கறேன்" என்றாள் பிரிசில்லா.

"எனக்கு என்ன கேடு?"

பிரிசில்லா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சாயங்காலம் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போனாள்.

ஜெயராணி பிரிட்ஜைத் திறந்தாள். அரை முட்டைக்கோஸ், ரெண்டு முருங்கைக்காய், வாடிய கொத்தமல்லி. இதை வைத்து என்ன செய்துவிட முடியும்? முந்தாநாள் முதுநகர் மீன்காரம்மாளிடம் எறா வாங்கி, உரித்து, டப்பாவில் போட்டு பிரீசரில் வைத்தது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் அன்றே வறுத்து, மீதியை வைத்திருந்தாள். பிரீசரில் டப்பாவைக் காணோம். தேடினாள். அடித்தட்டில், முட்டைக்கோசுக்குப் பின்னால், செய்தித்தாளில் சுற்றி, ரெண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு இருந்தது.

அவள் பொட்டலத்தை வெளியே எடுத்தாள். பிரிசில்லாதான் ஒளித்து வைத்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமைக்கு. அல்லது, பெரியவளுக்கு முட்டைக்கோசையும் முருங்கைக்காயையும் விட்டுவைத்தால் போதும், மீதியை அவளே கெடுத்துக்கொள்வாள் என்று. முடிச்சை அவிழ்க்கப் பொறுமை இல்லாமல் கத்தியால் அறுத்தாள்.

எறா கொஞ்சம் வழவழத்தது. ஐஸ் உருகினால் அப்படித்தான் என்று ரெண்டு தண்ணீர் அலசினாள். நிறம் மோசமில்லை. நேற்று டிரான்ஸ்பார்மர் வெடித்து மத்தியானம் முதல் விடியும்வரை கரண்ட் இல்லாததை அவள் மறக்கவில்லை. ஆனால் அதை நினைக்கிற இடத்தில் அப்போது வேறு ஒன்று உட்கார்ந்திருந்தது. பூண்டை நசுக்கினாள். மிளகும் சோம்பும் பொடித்தாள். புளியைக் கெட்டியாகக் கரைத்தாள். முருங்கைக்காய் வெந்ததும் எறாவைப் போட்டாள். பயம் இருந்ததால் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி கூடவே விழுந்தது.

ஆறரைக்குக் கரண்ட் போனது. செம்பியன் எமர்ஜென்சி விளக்கைக் கூடத்தில் வைத்துவிட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்தான்.

"என்னா வாசன இது, எறாவா?"

பதினாலு வருஷத்தில் அவன் சட்டி இறங்குமுன்பு வந்து கேட்டது இதுதான் முதல் தடவை. ஜெயராணி திரும்பாமலே, "ம்" என்றாள். முகத்தை அவன் பார்த்துவிடக் கூடாது என்று இருந்தது.

"தெருமுனை வரைக்கும் தூக்குது அண்ணி" என்று ராஜாமணி செருப்பைக் கழற்றிக்கொண்டே வந்தான். "நம்ம கேப்டன் பதவிக்கு ஆபத்துதான் போல."

பின்னாலேயே எஸ்தரும் பிரிசில்லாவும் வந்தார்கள். எஸ்தர் நேராகத் தட்டு எடுக்கப் போனாள். பிரிசில்லா சமையலறை வாசலில் நின்றாள். அவள் கண் சட்டிக்குப் போகவில்லை. சிங்க்கில் கிடந்த காலி டப்பாவுக்கும் அறுபட்ட கவருக்கும் போனது.

"அக்கா, அந்த எறாவயா போட்டீங்க?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

"ஏன், அதுல ஒம் பேரு எழுதியிருக்குதா?"

"அது வீணாப்போச்சிக்கா. காலையிலயே பாத்தேன். குப்பையில போட்டா பூனை இழுக்கும், பொழுது சாஞ்சி புதைக்கலாமுன்னு கட்டி வச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வாங்கி ஆஞ்சி வச்சது. சங்கடப்படுவீங்கன்னு."

"நல்லா கத சொல்ற" என்றாள் ஜெயராணி. "எல்லாருக்கும் வாசன புடிச்சிருக்குது. ஒனக்கு மட்டும் புடிக்கல. எனக்குத் தெரியாதா?"

கூடத்தில் தட்டுகள் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிரிசில்லா சிங்க்கிலிருந்து டப்பாவை எடுத்தாள். அடியில் கொஞ்சம் கலங்கிய தண்ணீர் நின்றது. அதை ஜெயராணியின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நீங்களே மோந்து பாருங்கக்கா."

ஜெயராணி குனிந்தாள். மூச்சை இழுத்தாள். காற்று உள்ளே போனது. குளிர்ச்சியான, சுத்தமான, வெறும் காற்று. இன்னொரு தடவை இழுத்தாள். பொய்யா மெய்யா என்று கேட்க அவளிடம் எதுவுமே இல்லை. மசாலா மூடிவிட்ட சட்டியைப் பற்றிக் கூடத்தில் இருக்கிறவர்களிடம் கேட்டுப் பயனில்லை. இந்த உலகத்தில் அந்த எறாவைப் பற்றி அவளுக்குச் சொல்லக்கூடியது எதிரே நிற்கும் இந்த ஒரு மூக்குதான். எதற்காக இத்தனை நாள் இவளைப் பார்க்கப் பிடிக்காமல் இருந்ததோ, அது.

அவள் நிமிர்ந்து பிரிசில்லாவின் முகத்தைப் பார்த்தாள். முதல்முறையாக, முழுதாக. டப்பாவை நீட்டியபடியே பிடித்திருந்தாள். ஆனால் மூக்கின் ரெண்டு பக்கமும் உள்வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. முன்கையில் மயிர் சிலிர்த்து நின்றது. வாயை இறுக்கி மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு, குமட்டலை விழுங்கிக்கொண்டு நின்றாள் அந்தப் பெண். அதை யாராலும் நடிக்க முடியாது.

"நல்லாத்தான இருக்குது" என்றாள் ஜெயராணி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஏழு மாதத்துப் பழக்கம்.

பிரிசில்லா டப்பாவைத் தாழ்த்தினாள். அவள் கண்கள் ஜெயராணியின் மூக்கில் போய் நின்றன. பிறகு மெதுவாகக் கண்களுக்கு வந்தன. கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கவில்லை.

அந்த நேரம் எஸ்தர் உள்ளே புகுந்து, ரெண்டு பேருக்கும் நடுவில் கையை விட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "அப்பா பசிக்குதுன்றாரு" என்றாள். துணி வைத்துப் பிடித்திருந்தாள். போகிறபோதே குனிந்து முகர்ந்து, "செம்ம" என்றாள்.

ஜெயராணி பின்னால் போனாள். கூடத்தில் விளக்கைச் சுற்றி மூன்று பேர். எஸ்தர் ஆளுக்கொரு கரண்டி ஊற்றிவிட்டாள். சோற்றின் மேல் சிவப்பாகக் குழம்பு இறங்கியது. செம்பியன் கையைக் கூப்பினான். எல்லோரும் கண்ணை மூடினார்கள். சமையலறை வாசலில் பிரிசில்லா மட்டும் கண்ணைத் திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரம பிதாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்றான் செம்பியன். "இதை ஆக்கின ஜெயராணியோட கைகளை..."

"இருங்க" என்றாள் ஜெயராணி.

ஜெபத்தின் நடுவில் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. செம்பியன் நிறுத்தினான். ஆனால் ஆமென் சொல்லாததால் கண்ணை எப்போது திறப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கண் மூடிய மூன்று முகங்கள் விளக்கு வெளிச்சத்தில் அவள் பக்கம் திரும்பின.

"யாரும் வாயில வைக்காதீங்க. எறா கெட்டுப்போனது. பிரிசில்லா சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சிது." அவள் குனிந்து முதலில் எஸ்தரின் தட்டை எடுத்தாள். "எனக்கு வாசனயே தெரியறதில்லங்க. சிதம்பரத்துலேருந்து வந்தமே, அன்னிலேருந்து."