செத்த தண்டு நீண்டது

இந்தக் காலத்தில் எவனும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை என்பது காசிமாயனின் தீராத எரிச்சல். பிரேக் பிடிக்காத பஸ்ஸின் டிரைவரும் ‘பயப்படாதீங்க’ என்கிறான், ஊசி போடுகிற டாக்டரும் அதையேதான் சொல்கிறார். பயப்பட ஒன்றுமில்லை என்றால் அதை எதற்குச் சொல்ல வேண்டும்?

அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் அவர் காட்டில் மக்காச்சோளம் பூத்து நின்றது. விதைக் கம்பெனிக்காகப் போட்ட பயிர். ஆண் வரிசைத் தூள் மட்டுமே கதிரில் விழ வேண்டும் என்பதால், விதை எடுக்கும் பெண் வரிசைகளில் உச்சிப் பூக்கொத்தை விரியும் முன்பே கிள்ளிவிட வேண்டும். கிள்ளுகிறவள் அவர் மனைவி ஒச்சாயி. கிள்ளத் தொடங்கியதிலிருந்து அவள் மூச்சு விசிலடித்தது.

ஆண் வரிசைகளில் காகிதப் பை கட்டிப் பூத்தூளைச் சேர்த்துக்கொண்டு போனவள் ஹம்சவேணி, மதுரையில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்காரி. தன் காட்டுத் தூளை வைத்து அந்தப் பெண் என்னதான் செய்கிறாள் என்று பார்த்தே தீருவதென்று ஒச்சாயியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார் காசிமாயன்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு கவ்விகளுக்கு நடுவே வெளிறிய துண்டு ஒன்று விறைப்பாக நின்றது. கீழ்க் கவ்வியில் சின்ன எடை. பக்கத்தில் ஒரு முள், ஓடுகிற காகிதத்தில் கோடு போட்டது.

“இது என்னா தாயி?”

“மக்காச்சோள முளையோட தண்டு, ஐயா. கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்தது.”

“அப்பச் செத்தது.”

“செத்ததுதான். இப்பப் பாருங்க.”

பூத்தூளை ஊறவைத்து வடித்த நீரைத் தண்டின் மேல் விட்டாள். நேராக ஓடிய கோடு கொஞ்ச நேரத்தில் மேலே ஏறத் தொடங்கியது.

“தண்டு நீளுது, ஐயா.”

காசிமாயன் குனிந்து கவ்விக்குக் கீழே பார்த்தார். “யாரும் இழுக்கலையே!”

“எடை முன்னாடியே தொங்குச்சு, அப்ப நீளலை. செடியில ஒவ்வொரு செல்லையும் சுத்தி ஒரு சுவர் இருக்கு. இந்தத் தூள்ல இருக்க புரதம் அதை அறுக்காது, பிடிப்பை மட்டும் தளத்தி விடும். தூள் கதிரோட நூல்ல விழுந்து உள்ள இறங்கணும்ல, அதுக்கு வழி.”

“கழுவி விட்டா பழையபடி சுருங்குமா?”

“நீண்டது நீண்டதுதான்.”

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒச்சாயியின் நெஞ்சு விசிலடிப்பது அவர் காதில் விழுந்தது. “அப்ப இவ நெஞ்சும் தளந்துருச்சா?”

“பயப்படாதீங்க ஐயா.” அந்த வார்த்தை இங்கேயும் வந்துவிட்டது. “மனுச உடம்புல அந்த மாதிரிச் சுவரே கிடையாது. அம்மா உடம்பு அதே புரதத்தைப் பகையா நெனச்சு மல்லுக்கு நிக்குது. இழுப்பு அதனாலதான் வருது.”

“இந்த மனுசனோட இம்புட்டு வருசம் மல்லுக்கு நின்னேன், அப்பல்லாம் வராத இழுப்பா தாயி” என்று சிரிக்கப்போன ஒச்சாயி இருமலில் மாட்டிக்கொண்டாள். உதடு நீலம் பாரித்தது.

ஹம்சவேணி அவள் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “கிள்ளுன பூவை எங்க போடுறீங்க?”

“வாடிவாசலுக்குப் போற காளைக்கு” என்றார் காசிமாயன். “வெளிய போட்டா கண்ட ஆடும் மேஞ்சுரும். பரண்லதான் காயுது.”

“பரணுக்குக் கீழ?”

“நான்தான் படுத்திருக்கேன்” என்றாள் ஒச்சாயி.

“ஐயா! கிள்ளுன பூவும் விரிஞ்சு தூள் கொட்டுமே! இன்னைக்கே எடுத்துப்போடுங்க. இப்ப மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த காசிமாயன், அந்தத் தூள் தன்னையும் தளர்த்திவிட்டதோ என்று முழங்கைத் தோலைக் கிள்ளி இழுத்து விட்டார். அது உடனே படியவில்லை. கூடாரம் மாதிரி நின்றது. மறுபடி கிள்ளிப் பார்க்கத் துணிவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பியதும் ஒச்சாயியை வேப்பமரத்தடியிலேயே உட்காரவைத்தார். வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு பரணில் கையை விட்டார். ஜன்னல் வெயிலில் மஞ்சள் தூள் பொலபொலவென்று அவள் தலையணைமேல் இறங்கியது. தலையணையையும் பூவோடு சேர்த்து மூட்டையாகக் கட்டினார்.

“அந்தப் புள்ளதான் மனுசனுக்குச் சுவரே இல்லைன்னுச்சே, பெறகு என்னத்துக்குப் பயப்படுறீக?” என்றாள் ஒச்சாயி. இப்போது பேச்சு தெளிவாக வந்தது.

“அது சொல்லும். வெந்து செத்ததே நீண்டுச்சுடி.”

ஓடைக்கரையில் குழி தோண்டி மூட்டையைப் போட்டு மூடினார். மாட்டுக் கொட்டத்தில் காளை தீவனத்துக்குக் கத்தியது. இல்லாத சுவர் தளராது என்று அந்தப் பெண் சொன்னது சரியாகத்தான் இருக்கும். இருக்கட்டும். வாயில் கட்டிய துண்டை அவிழ்க்காமலே, திரும்பிப் பாராமல் நடந்தார்.