மணல் மூட்டைக்கு முழங்கால் இல்லை

1

“நாலு சீட்டைத் தூக்கிட்டா இன்னும் பத்துப் பேரு நிக்கலாம்டி!”

“நிக்கலாம். என் முழங்கால் நிக்குமா?”

இந்தக் கதை பிறந்தது என் தலைக்கு மேலேதான். பஸ்ஸில், படிக்கு அருகே, இடப்பக்கம் கணவர், வலப்பக்கம் மனைவி, நடுவில் நான். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். காதைப் பொத்தக் கையைத் தூக்க இடமில்லை.

கணவர் பஸ் கட்டும் பட்டறையில் வரைபடம் போடுகிறவர். நெரிசல் குறையவேண்டும் என்று கதவை ஒட்டிய நான்கு இருக்கைகளை எடுத்துவிட்டு ஒரு புது பஸ் வரைந்திருக்கிறார். நாளைக்குப் படத்தைக் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டால் மாற்றமுடியாது. அந்த பஸ் ஓடப்போவது, மூட்டு வலியோடு மனைவி தினமும் வேலைக்குப் போகும் இதே தடத்தில்.

2

(முதலில், “கதிரவன் தன் பொற்கரங்களால் நகரத்தை...” என்று தொடங்கினேன். அந்த நெரிசலில் கதிரவனே ஏறியிருக்கமுடியாது. அடித்துவிட்டேன்.)

“பட்டறையில ஆளுக்குப் பதிலா மணல் மூட்டை ஏத்திப் பாத்தாச்சு. அத்தனையும் உள்ள போயிடுச்சு.”

“போகும். மூட்டை எந்த ஸ்டாப்புல எறங்குச்சாம்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போது ஒரு நிறுத்தம். ஏறமுடியாமல் ஒரு கூட்டம் கீழேயே நின்றுவிட்டது.

“இவங்கள என்ன பண்ணச் சொல்ற?” என்றார் அவர்.

அந்த அம்மா கீழே நின்றவர்களை எட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நீங்களே சொல்லுங்க.”

“ரெண்டு பேரு சொல்றதும் ஒரு வகையில...”

[இந்த வாக்கியத்தை அங்கேயும் நான் முடிக்கவில்லை.]

3

கணவரைக் கொஞ்சம் முரடராக எழுதிப் பார்த்தேன். ஆனால் சண்டைக்கு நடுவிலும் மனைவியின் கைப்பையைத் தன் தோளில் மாட்டியிருந்தார் மனிதர். வேஷம் பொருந்தவில்லை.

“உள்ள போங்க, உள்ள போங்க!” என்று கண்டக்டர் கத்தினார். யாரும் அசையவில்லை.

“எல்லாரும் வாசல்லயே நின்னா எந்த பஸ்ஸு பத்தும்?” என்று சொல்லிவிட்டு, கொள்கைக்காகக் கணவர் ஒருவர் மட்டும் உள்ளே போனார்.

அடுத்தது அவர்கள் இறங்கவேண்டிய இடம். மனைவி இறங்கிவிட்டார்.

“எறங்கணும்! எறங்கணும்!” உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

“உள்ளயே இருங்க, மூட்டை!” என்று கீழிருந்து அந்த அம்மா கத்தினார். சிரித்தாரா, கோபமா? பஸ் திரும்பிவிட்டதால் நான் பார்க்கவில்லை.

4

முடிவுக்கு வருவோம். அவர் படத்தைக் கிழித்துப் போடுகிறார்: சினிமா. கொடுத்துவிடுகிறார், வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை: இது நடக்கும், ஆனால் கை எழுத மறுக்கிறது. இரண்டு இருக்கையை மட்டும் எடுக்கிறார்: இரண்டு பக்கமும் திட்டு விழும்.

அடுத்த நிறுத்தத்தில் அவரை இறக்கிவிடலாம். இறங்கி மனைவியிடம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே இன்னும் இறக்கவில்லை.

தினமும் பஸ்ஸில் போகிறவர்களே, கீழே எழுதுங்கள்: அந்த நான்கு இருக்கை இருக்கட்டுமா, போகட்டுமா? கொஞ்சம் சீக்கிரம். மனிதர் நின்றுகொண்டே இருக்கிறார்.