எண்பத்தைந்து மில்லிமீற்றர்

அல்போன்சம்மாவின் மூக்கை ஊரில் யாரும் பெரிதென்று சொன்னதில்லை. படத்தில்தான் அது பெருத்தது. அவளுடைய அண்ணன் கிறிஸ்தோப்பர் ஊர்காவற்றுறையில் ஸ்ரூடியோ வைத்திருந்தான். அவனிடமிருந்த சாதாரண லென்ஸால் நெருங்கி நின்று எடுத்தால் மூக்கு முன்னுக்குத் தள்ளும், காது பின்னுக்கு ஒளியும். அப்படி எடுத்த படம் கலியாணப் பேச்சுக்கு இரண்டு இடத்துக்குப் போய் இரண்டும் சரிவரவில்லை. அவளுக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது.

எண்பத்தாறாம் ஆண்டு மெலிஞ்சிமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஜெர்மனியில். படம் கேட்டார்கள்.

"பொறு, இந்த முறை சரியான லென்ஸ் வாங்கி எடுப்பம்," என்றான் அண்ணன்.

இருவரும் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினார்கள். கமராக் கடையில் பழைய லென்ஸ் இரண்டு இருந்தன. ஒன்று நூற்றுமுப்பத்தைந்து மில்லிமீற்றர், மற்றது எண்பத்தைந்து. பெரியதை மாட்டி, அவளைக் கடை வாசலில் நிறுத்தினான். தலையும் தோளும் அடங்குவதற்கு அவன் தெருவுக்கே இறங்கவேண்டியிருந்தது. சைக்கிள்காரர் ஏசிக்கொண்டு போனார்கள்.

"எங்கடை அறைக்கு இது ஏலாது. சுவரை இடிச்சுக்கொண்டெல்லோ பின்னுக்குப் போகவேணும்."

எண்பத்தைந்தை மாட்டிக் கடைக்குள்ளேயே நின்று நெடுநேரம் பார்த்தான். பிறகு கமராவை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் நின்ற இடத்தில் போய் நின்றான். அண்ணனின் முகம் அளவாக, அமைதியாகத் தெரிந்தது. பின்னாலிருந்த சாமான்களெல்லாம் கரைந்துபோயிருந்தன. சற்றுத் தள்ளி நின்று ஒருவரை ஆசையோடு பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி. தன்னையும் யாரோ இப்படிப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தவள் கமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே நின்றாள்.

எண்பத்தைந்தை வாங்கி வந்ததும், கை பழகவேண்டும் என்று சொல்லி, முதலில் பக்கத்து வீட்டு மேரிஜோசப்பினைக் கூப்பிட்டு இருத்தினான். அவளுக்கு இருபத்தொரு வயது. தலை வாரிவிட்டதும், நாடியைத் திருப்பி வைத்ததும், நெகற்றிவ்வில் பென்சிலால் பருவை மறைத்ததும் அல்போன்சம்மாதான். ஸ்ரூடியோவில் அது அவளுடைய வேலை. அடுத்த நாள் தங்கையையும் எடுத்தான். அந்த நெகற்றிவ்வில் பென்சில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்படியே நன்றாக இருந்தது.

மேரிஜோசப்பினின் படத்தை அவன் பெரிதாக்கி, வாசலிலிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தான்.

"அதை இப்ப எடுத்து வையுங்கோ அண்ணை. அவையள் என்ரை படம் வாங்க வரப்போகினம்."

"விசரே உனக்கு? அதைப் பாத்துத்தானே சனம் வருது."

ஞாயிறு பூசை முடிந்து மாப்பிள்ளையின் தாய் நேரே வந்தார். அல்போன்சம்மா தேத்தண்ணியோடு வந்தபோது அவர் வாசலிலேயே, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டிருந்தார்.

"தம்பி, இது ஆற்றை பிள்ளை?"

அல்போன்சம்மா அண்ணனைப் பார்த்தாள். வெளியூர்ப் பிள்ளை என்று சொல்லலாம். கலியாணம் முடிந்த பிள்ளை என்று சொல்லலாம்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை அம்மா," என்றான் அவன். "கண் எவ்வளவு துலக்கமா நிக்குது, பாத்தீங்களோ? புது லென்ஸ்."

"இன்னும் கலியாணம் ஒண்டும் பேசேல்லையோ?"

"இல்லை அம்மா. எல்லாருக்கும் இந்த லென்ஸிலை இப்பிடி வராது. முகமும் வாய்க்கவேணும்."

தேத்தண்ணி ஆறிப்போயிற்று. தாய் இரண்டு படங்களோடு போனார். அல்போன்சம்மாவின் படம் மரியாதைக்காகப் போனது.

சில மாதம் கழித்து மேரிஜோசப்பின், ஜெர்மனிக்குப் போகப் பாஸ்போட் படம் எடுக்க வந்தாள். கதிரையில் இருந்தவள் குனிந்தபடியே சொன்னாள்: "அக்கா, நான் கேக்கேல்லை."

"தெரியும் பிள்ளை. நாடியை நிமித்து."

அன்று பின்னேரம் கிறிஸ்தோப்பர், "உனக்கு இனியும் வரும். படம் கிடக்குதுதானே," என்றான்.

"உங்களுக்கு லென்ஸ் வாய்ச்சிட்டுது அண்ணை. அது காணும்."

அவன் கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கையை நிறுத்தியிருந்தால்கூட அவள் ஆறியிருப்பாள்.

அடுத்த கிழமையே அவள் நெடுந்தீவில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே பாலர் பள்ளியில் ஆள் தேவைப்பட்டது. கிறிஸ்தோப்பர் இரண்டு தரம் வந்து கூப்பிட்டான். இரண்டாம் தரம், நெகற்றிவ் திருத்த ஆளில்லை, யாழ்ப்பாணத்துக்குக் கொடுத்து எடுக்க நாட்செல்லுது என்று குறைப்பட்டான். அவள் மீன்குழம்போடு சோறு போட்டாள்.

அவன் கை கழுவி வந்ததும், "வள்ளம் வெளிக்கிடப்போகுது, கெதியாய்ப் போங்கோ," என்று சொல்லிவிட்டு, அவன் சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.