கேள்விக்குறிக்கு முன்னால்

முதலியார்பேட்டை மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் சுடர்விழி தட்டச்சு செய்த ஆங்கிலக் கடிதம் ஏழு சிவப்புச் சுழிகளோடு திரும்பி வந்தது. உற்றுப் பார்த்தாள். ஒரு சுழிக்குள்ளும் எழுத்தே இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் புது மேலாளர் நெடுமாறனின் அறைக்குப் போனாள்.

"சார், வெறும் பேப்பர்ல என்னா தப்பு கண்டுபுடிச்சீங்க?"

"ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் முன்னால எடம் வுட்டிருக்கீங்க. ஒட்டித்தான் போடணும்."

"நான் படிச்ச பிரெஞ்சு பள்ளிக்கூடத்துல எடம் வுடலன்னாதான் தப்பு. கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி மனுஷன் மூச்சு வுட வேணாமா?"

"இது இங்கிலீஷ்மா. பிரெஞ்சுக்காரன் போயி எத்தினி வருஷம் ஆவுது?"

"அவன் போயிட்டான். நான் இங்கதான இருக்கேன்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "சாரி கேட்டு இப்பவே ஒரு மெயில் போடுங்க. இங்கிலீஷ்ல, ஒழுங்கா."

சுடர்விழி தன் இருக்கைக்கு வந்தாள். எழுத்துகளை மெதுவாகத்தான் தட்டினாள்; இடைவெளிக் கட்டையை மட்டும் அவர் அறைவரை கேட்கும்படி ஓங்கித் தட்டினாள். ஆங்கிலத்தில் இரண்டே சொற்களோடு மெயில் போய்ச் சேர்ந்தது:

"சாரி ? நெவர் !"