பாடாமல் விட்ட கடைசி அடி

கோரைத்திட்டில் யாராவது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு 'கை எங்கே' என்று பாடினால், ஏரித் தண்ணீரிலிருந்து சின்னச் சின்னக் கைகள் மேலே வந்து, விரல்களை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போகும். மூக்கு எங்கே என்றால் மூக்கு நுனிகள் வரும். காது எங்கே என்றால் ஒருக்களித்துப் படுத்தாற்போலக் காதுகள் மிதக்கும். பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்கள் என்ற டச்சுக்காரர்கள் துணிப் பொதிகளைக் கட்டிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலத்தில் இது தொடங்கியது. இறால் விலை ஏறி இறங்குவதுபோலத் திட்டில் இதுவும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வெளியூர்க்காரர்களிடம் மட்டும் சொல்வதில்லை. சொன்னால், எப்படி ஆரம்பித்தது என்று கேட்பார்கள்.

பழவேற்காட்டு ஏரிக்குள், பசியாவரம் என்ற ஊருக்கு வடக்கே, கோரைப்புல் மண்டிய மேட்டில் கொஞ்சம் குடிசைகள், அவ்வளவுதான் ஊர். ஆண்கள் வலையோடு முகத்துவாரப் பக்கம் போவார்கள். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஆளுக்கொரு பனையோலைப் பறி. கைகள் இரண்டும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே காலையில் வாயை மூடினால் உச்சிப்பொழுதுக்குத்தான் திறப்பார்கள். பேச்சும் சிரிப்பும் ஏச்சும் கரையேறிய பிறகு. நடை பழகும் குழந்தைகளைத் தண்ணீருக்குள் கொண்டுபோக முடியாது. கரையில் ஒருத்தி இருந்தாக வேண்டும். அந்த ஒருத்தி வேலம்மா. சின்ன வயதில் தோணி விளிம்பில் விழுந்து அவளுடைய முன்பற்கள் உடைந்துபோயிருந்தன. பறி கடிக்க முடியாதவள் பாதிப் பொம்பளை என்பது அந்தத் திட்டின் எண்ணம். திருவேங்கடம் அவளைக் கட்டிக்கொண்டதே பெரிய மனசு என்று அவள் காதுபடவே பேசினார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி இறால் கொடுப்பார்கள், அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள்.

பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் தவழாமல் இருக்க அவள் ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள்.

மூக்கு எங்க, மூக்கு எங்க?
மூச்சு வுடுது, இங்க இங்க.
காது எங்க, காது எங்க?
காத்து கேக்குது, இங்க இங்க.
பல்லு எங்க, பல்லு எங்க?
பறியக் கடிக்க, இங்க இங்க.
கையி எங்க, கையி எங்க?
நண்டப் புடிக்க, இங்க இங்க.

இப்படியே வயிறு, தொப்புள், முட்டி, பாதம் என்று போகும். தப்பாகத் தொட்ட பிள்ளையைப் பார்த்து 'தப்பு' என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். அது சிரித்துக்கொண்டே கையை நகர்த்திச் சரியான இடத்துக்கு வரும்வரை அடுத்த அடிக்குப் போக மாட்டாள். உடம்பு முழுக்கத் தீர்ந்த பிறகு கடைசி அடி. 'அம்மா எங்க, அம்மா எங்க?' அதற்குப் பதில் வரி கிடையாது. பெண்கள் கரையேறும் நேரம் பார்த்துத்தான் அதைப் பாடுவாள். பிள்ளைகள் ஏரிப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு தத்தித் தத்தி ஓடும். அவரவர் அம்மா பறியை இறக்கி வைத்துவிட்டு அள்ளிக்கொள்வாள்.

வேலம்மாவிடம் இரண்டு பேர் ஓடி வருவார்கள். ஒருவன் அவள் பெற்ற தேசப்பன். இன்னொருவன் சுப்பன். அடுத்த குடிசையில் இருந்த அவனுடைய தாயும் தகப்பனும் ஒரே கோடையில் அம்மை கண்டு போய்விட்டார்கள். அப்போது அவன் பால்குடி. வேலம்மாவுக்கும் அப்போது பால் இருந்தது. ஒரு பக்கம் இவன், ஒரு பக்கம் அவன் என்று வளர்த்தாள். இரண்டு பேரும் ஒரே உயரம்.

பிறகு மழை நின்றது. ஒரு வருடம் இல்லை, தொடர்ந்து. முகத்துவாரம் மணலால் அடைபட்டு, ஏரி சுண்டி உப்பானது. இறால் போயிற்று, நண்டு போயிற்று, பிறகு நாரைகளும் போயின. காட்டூர்ப் பக்கம் வயலில் விழுந்த வெடிப்புக்குள் கன்றுக்குட்டி மாட்டிக்கொண்டது. கோரைக்கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். கிழங்கும் தீர்ந்த சமயத்தில் மாசிலாமணி என்ற தரகன் ஒரு தோணி நிறைய அரிசியோடு வந்தான். முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு கப்பல் நின்றது. அது யாருடையது என்று திட்டில் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை, பிள்ளைக்கு ஒரு மூட்டை அரிசி என்றான். போகிற இடத்தில் பிள்ளைகள் மூன்று வேளையும் சோறு தின்னும் என்றும் சொன்னான். அதை எல்லாரும் நம்பினார்கள். நம்பாவிட்டால் அரிசியை வாங்க முடியாது.

நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்துத்தான் அவன் எடுப்பான். புது முகத்தைக் கண்ட பிள்ளைகள் வாயை இறுக்கிக்கொண்டன, கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தன. தோணிக்காரர்கள் விரலை விட்டு வாயைத் திறக்கப் பார்த்து, கடி வாங்கினார்கள். மாசிலாமணி வேலம்மாவைக் கூப்பிட்டான்.

"இன்னாம்மா, ஒண்ணும் வாயத் தொறக்க மாட்டுது. நீ ஏதோ பாட்டு பாடுவியாமே. பாடு. அழாம ஏறுங்கல்ல?"

அழாமல் ஏறினால் நல்லதுதானே என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததாகத்தான் பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பாடினாள். மூக்கு எங்க என்றதும் பிள்ளைகள் மூக்கைத் தொட்டுக் காட்டின. பல்லு எங்க என்றதும் எல்லாப் பிள்ளைகளும் ஈ என்று பல்லைக் காட்டிச் சிரித்தன. அவன் ஒவ்வொரு வாயாகக் குனிந்து பார்த்தான். கையி எங்க என்றதும் கைகளை நீட்டின. அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, வேலை சுளுவாகிவிட்டது என்று தோணிக்காரர்களிடம் சொன்னான். வேலம்மாவின் முறை வந்தது. இரண்டு பையன்களும் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டுல எது?" என்று கேட்டான்.

வேலம்மா சுப்பன் முதுகில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். லேசான தள்ளுதான். அவன் அதையும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு தோணியில் ஏறி உட்கார்ந்தான். தோணி நகர்ந்தபோது பிள்ளைகள் எல்லாம் கரையைத் திரும்பிப் பார்த்தன. பாட்டு முடியவில்லை என்று அவற்றுக்குத் தெரியும். கடைசி அடிக்காகக் காத்திருந்தன. வேலம்மா அதைப் பாடவில்லை. தோணி கவிழவில்லை, கப்பலில் பிள்ளைகள் எல்லாரும் ஏறினார்கள், கப்பல் போயிற்று. மரக்கிளையில் ஏறி நின்று அதைப் பார்த்தவர்கள் உண்டு.

அந்த ஐப்பசியிலேயே மழை வந்தது. அதைத்தான் திட்டு மக்களால் தாங்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கிழங்கு வேரைத் தின்று காலம் தள்ளியிருந்தால் போதும் என்று எல்லாருக்கும் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. முகத்துவாரம் உடைந்து ஏரி நிறைந்தது. இறால் திரும்பியது. பெண்கள் பறியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். சேற்றைத் தடவும்போது சில சமயம் ஒரு சின்னக் கை வந்து விரலைப் பற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டுவிடும். தனக்கு மட்டும்தான் அப்படி என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டாள். வாயில் பறி இருந்ததால் சொல்லாமல் இருப்பது சுலபமாக இருந்தது. ஒரு நாள் வேலம்மா பழக்கதோஷத்தில் புதிதாகப் பிறந்த ஒரு பிள்ளைக்கு 'கையி எங்க' என்று ஆரம்பித்தாள். அப்போதுதான் ஏரி நெடுக அந்தக் கைகள் எழுந்ததை எல்லாரும் ஒன்றாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து இறால் தடவினார்கள். வேலம்மா பாட்டை நிறுத்தினாள்.

அதன் பிறகு அந்தத் திட்டில் யாரும் குழந்தைகளுக்கு உடம்பைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வருடங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாமல் போயிற்று. ஒருவன் காலில் முள் குத்தினால் பக்கத்தில் இருந்தவன் அழுவான். இரண்டு சிறுமிகள் ஒரு கைக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அது இரண்டு பேருடையதும் இல்லை, மூன்றாவது பிள்ளையுடையது. பசித்த பிள்ளை பானையைக் காட்டி அதற்கு வயிறு வலிக்கிறது என்று அழுதது. பெற்றவர்கள் இதற்கெல்லாம் பழகிக்கொண்டார்கள். பாட்டை முன்பே கற்றிருந்த தேசப்பன் மட்டும் உடம்பை அறிந்தவனாக வளர்ந்தான். அவன் சோற்றைப் பாதி தின்றுவிட்டு மீதியைத் தட்டின் மறுபக்கம் ஒதுக்கி வைப்பான். ஏன் என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. வேலம்மா அந்த மீதியைக் காக்கைக்கும் போடாமல், தானும் தின்னாமல், ஏரியில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

மழை வந்து சில வருடம் கழித்து அவளுக்கு ராஜம்மா பிறந்தாள். இரண்டு வயது முடிகிற சமயம் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. விடாத அழுகை. பால் வேண்டாம், கஞ்சி வேண்டாம். பசியாவரத்திலிருந்து வைத்தியரைக் கூட்டி வந்தார்கள். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்டார். பிள்ளை கதவைக் காட்டியது. அப்புறம் திருவேங்கடத்தின் மூக்கைக் காட்டியது, அப்புறம் உறியில் தொங்கிய சட்டியை. வயிற்றை அமுக்கினார், தொண்டையைப் பார்த்தார், எங்கே தொட்டாலும் அது ஒரே மாதிரி அழுதது. இடம் தெரியாமல் மருந்து வைக்க முடியாது, வைத்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று சொல்லிவிட்டுத் தோணி ஏறினார். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது.

அம்மணி பக்கத்துக் குடிசைக்காரி. மாசிலாமணியின் தோணியில் தன் பெண்ணை ஏற்றியவள். வேலம்மாவோடு அன்றிலிருந்து பேச்சில்லை. காய்ச்சல் ஏறியதைக் கேட்டு இப்போது வாசலில் வந்து நின்றாள்.

"பாடேன்டி."

வேலம்மா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"விக்கிறதுக்கு மட்டும் வாய் வந்துச்சு. இப்ப ஒண்ணு போவுது, இன்னும் வெக்கப்பட்டுனு குந்தியிருக்க. வெக்கம் உனக்கு மட்டுமா இருக்குது? அரிசிய நான் திங்கலியா? போய்ப் பாடு."

வேலம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனாள். எத்தனையோ வருடமாக ஏரியின் முகத்தை நேராகப் பார்க்காதவள் அவள். கரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, உடைந்த பல் வழியே காற்றுப் போகும் குரலில் பாடினாள். மூக்கு எங்க. தண்ணீர் சலசலத்தது. கண்ணைத் திறந்தபோது மூக்கு நுனிகள் மிதந்தன. ஒவ்வொரு மூக்கின் மேலும் ஒரு சின்ன விரல் இருந்தது. அழுதுகொண்டிருந்த ராஜம்மா நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கித் தன் முகத்தில் தேடி, கன்னத்தைத் தொட்டு, பிறகு மூக்கைத் தொட்டாள். அது தன்னிடம் இருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டாள். வயிறு எங்க என்றதும் ஏரியில் வயிறுகள் மிதந்தன. அவளும் தன் வயிற்றைத் தட்டினாள். வரிசை தப்பிப் பாடிய வேலம்மா, பல்லு எங்க என்பதை மட்டும் பாடாமல் தாண்டிப் போனாள். காது எங்க என்று பாடியபோது ஏரியிலிருந்த பிள்ளைகள் காதைக் காட்டின. ராஜம்மா தன் வலது காதைத் தொட்டாள், தொட்ட கையை எடுக்காமல் வீறிட்டாள்.

வெதுவெதுப்பான எண்ணெயைக் காதில் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அரிசிமணி அளவுக்கு ஒரு நண்டுக்குஞ்சு வெளியே வந்து, வேலம்மாவின் உள்ளங்கையில் பக்கவாட்டில் நடந்தது. காய்ச்சல் இறங்கிற்று.

அதன் பிறகு பெண்கள் பிள்ளைகளை மறுபடியும் வேலம்மாவிடம் விட்டார்கள். பாட்டுச் சொல்லிக்கொடுப்பதில் பாதி வேலையை ஏரியிலிருந்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டன. எத்தனை வருடம் போனாலும் அந்தக் கைகள் வளரவில்லை. கரைப் பிள்ளைகளுக்கு அவை கூட்டாளிகள். பெரியவர்களுக்கு அந்த நேரத்தில் பார்க்க வேறு ஏதாவது வேலை இருக்கும். கடைசி அடியை வேலம்மா பாடுவதில்லை. அது இருந்தது என்பதே புதுப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை, பெண்கள் தண்ணீரில் குனிந்திருந்தார்கள். வேலம்மா ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்திக்கொண்டிருந்தாள். ராஜம்மா கரையில் உட்கார்ந்து தானே வாத்தியாராகி, ஏரிக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கு, காது, பல்லு, வயிறு, பாதம், எல்லாம் தீர்ந்துபோயின. இன்னும் விளையாட ஆசை. கேட்க வேறு ஒன்றும் இல்லாமல், எந்தப் பிள்ளையும் கேட்கக்கூடியதைக் கேட்டாள்.

"அம்மா எங்க, அம்மா எங்க?"

ஏரி முழுக்கக் கைகள் எழுந்தன. இந்த முறை விரல்களை விரிக்கவில்லை, ஒரு விரலை மட்டும் நீட்டின. ஒரு கை அம்மணியைக் காட்டியது. இன்னொன்று அவளுக்கு அப்பால் இருந்தவளை. ஒன்று, பிள்ளையை ஏற்றிய அடுத்த வருடமே செத்துப்போனவளைப் புதைத்த மேட்டைக் காட்டியது. ஒன்றுகூடத் தப்பில்லை. பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். வாயிலிருந்த பறிகள் நழுவித் தண்ணீரில் விழுந்து, கவிழ்ந்து மிதந்தன. காலையிலிருந்து பிடித்த இறால் எல்லாம் சேற்றுக்குத் திரும்பிப் போனது.

ஒரு கை மட்டும் பெண்களைத் தாண்டிக் கரையைக் காட்டியது. வேலம்மா திரும்பிப் பார்த்தாள். சுப்பனைப் பெற்றவளைப் புதைத்த இடம் அந்தப் பக்கம் இல்லை. பின்னால் யாரும் இல்லை. கொஞ்சம் விலகி நின்றாள். விரலும் விலகியது.

"தப்பு," என்றாள்.

காத்திருந்தாள். எப்போதும் காத்திருப்பதுபோலவே, சிரித்துக்கொண்டு கையை நகர்த்துவான் என்று காத்திருந்தாள். கை நகரவில்லை.

"தப்புடா சுப்பா. நான் இல்ல."

அது அவளையே காட்டிக்கொண்டிருந்தது. வேலம்மா புடவையைச் செருகிக்கொள்ளாமல் தண்ணீரில் இறங்கினாள். பறி கடிக்காதவள் ஏரியில் இறங்குவதை அன்றுதான் பார்த்தார்கள். மற்றப் பெண்கள் வழி விட்டார்கள். கிட்டப் போய், அன்று முதுகில் வைத்த அதே உள்ளங்கையை நீட்டினாள். அந்தச் சின்னக் கை அவள் விரலைப் பற்றிக்கொண்டது.

அன்று கோரைத்திட்டிலிருந்து பழவேற்காட்டுச் சந்தைக்கு இறால் போகவில்லை. மறுநாள் போயிற்று. அது முதல், உச்சிப்பொழுதில் வேலம்மா கடைசி அடியைப் பாடியதும் பெண்கள் உடனே கரையேறுவதில்லை. ஒரு கையைச் சேற்றிலேயே கொஞ்ச நேரம் விட்டுவைத்திருப்பார்கள். பிறகுதான் கரையேறி, கரையிலிருக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொள்வார்கள். வேலம்மாவும் தினம் அந்த நேரத்துக்குத் தண்ணீரில் இறங்குவாள். அவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, அவளும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.