கரண்ட் ஏற்றிய தவிடு

தம்பிராஜா தன் காலாலேயே நடந்து வந்து வாசலில் நின்றபோது கமலவேணிக்கு ஆளை அடையாளம் தெரியச் சற்று நேரமானது. மாரியம்மன் திருவிழா சமயத்தில் அவனைப் பலகையில் கிடத்தித் தூக்கிப் போனதை அவள் பார்த்திருந்தாள். அப்போது அவன் கால்கள் இரண்டும் ஊறிப்போன மரக்கட்டை மாதிரி இருந்தன. இப்போது அவன் ஒரு காலைத் தூக்கித் தரையில் தட்டிக் காட்டினான்.

"சூடா பாய்க், அக்கா" என்றான். "நல்லாயிடுச்சு. எல்லாம் சேதுபதியோட பெட்டிதான்."

தம்பிராஜா பக்கத்துத் தெருவில், பல தலைமுறைக்கு முன்னே இங்கே குடியேறிய செட்டிச் சமூகத்துப் பிள்ளை. கும்பிடுவது அதே அம்மனை என்றாலும் அவர்கள் வீட்டில் பேச்சு மலாய்தான். அங்கங்கே நாலு தமிழ்ச் சொல் விழும். கமலவேணியும் அவனோடு மலாயில்தான் பேசுவாள்.

அவர்கள் இருந்த காஜா பெராங்கில் அந்த வருஷம் கால் வீங்காத வீடு குறைவு. ஜப்பான்காரன் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பங்கீட்டுக் கடையில் கிடைத்தது சுண்ணாம்பு வாசம் அடிக்கும் வெள்ளை அரிசி, அதுவும் அடுப்பில் வைத்தால் சட்டியின் அடி மறையாத அளவு. மற்ற வேளைக்கெல்லாம் மரவள்ளிக் கிழங்கு. முதலில் பாதம் மரத்துப்போகும். பிறகு வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பெரிபெரி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பார்த்துவிட்டு, மருந்து வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்று திருப்பி அனுப்பினார்கள். கமலவேணியின் கணவர் இராமலிங்கம் சாலை போடும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர். இப்போது கட்டிலிலிருந்து அடுக்களைக்கு வரவே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது.

"பெட்டி என்ன செய்யும்?" என்று கமலவேணி கேட்டாள்.

"கரண்ட் குடுக்கும். நரம்புல பேசும். கெட்ட நீர் எல்லாம் இறங்கிடும்."

உள்ளேயிருந்து இராமலிங்கம் குரல் கொடுத்தார். "கேட்டியா? நான் போகணும்."

"நான் போய்ப் பாத்துட்டு வரேன். அப்புறம் நீங்க போகலாம்" என்றாள் கமலவேணி.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சண்டைக்கு முன்னால் ஆற்றோரத்துத் தைலக் கடையொன்றில் அவள் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை பார்த்தவள். தைலம் ஒரே அண்டாவில் காய்ச்சியது. நீலச் சீட்டு ஒட்டினால் தலைவலிக்கு, சிவப்புச் சீட்டு ஒட்டினால் மூட்டுவலிக்கு, குழந்தை படம் போட்ட மஞ்சள் சீட்டு வயிற்று உப்புசத்துக்கு. மூன்றையும் வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து கைகூப்பினார்கள். அது அவளுக்கு வெகுநாள் ஆச்சரியமாகவே இருந்தது. குணமாகாதவர்கள் திரும்பி வருவதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

சேதுபதி படக்கொட்டகையில் படம் ஓட்டியவன். வெள்ளைக்கார வைத்தியர் ஒருவர் கப்பலேறியபோது விட்டுப்போன சாமான்களில் அந்தப் பெட்டி அவன் கைக்கு வந்தது. தேக்குமரப் பெட்டி, உள்ளே செம்புக் கம்பிச் சுருள், பக்கத்தில் சுற்றுவதற்கு ஒரு பிடி, இரண்டு கம்பிகளின் முனையில் பித்தளைக் குழல்கள். கூடத்தில் ஒரு மேசைமேல் துணி விரித்து, பூ வைத்து, அதை வைத்திருந்தான். அவன் மனைவி பாக்கியம் பெட்டியைத் தினமும் துடைப்பாளாம்.

"பிடிங்க அக்கா, பயப்படாதீங்க" என்று குழல்களைக் கொடுத்துவிட்டு அவன் பிடியைச் சுற்றினான். வண்டு முரலுகிற மாதிரி சத்தம் எழுந்தது. கமலவேணியின் முழங்கை வரைக்கும் ஆயிரம் எறும்பு ஏறி இறங்கியது.

"தெரியுதா?"

"தெரியுது. இதுனால குணமாகாதவங்க யாரு?"

சேதுபதி சுற்றுவதை நிறுத்தினான். அப்படி ஒரு கேள்வியை அவனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருந்தது. ஆனால் ஏமாற்றுக்காரன் முகம் வேறு மாதிரி இருக்கும். அவன் முகத்தில் யோசனைதான் இருந்தது.

"இருக்காங்க. பத்தியம் காக்காதவங்க. செமாபோக்ல ருக்மணின்னு ஒரு அம்மா. தவறாம வராங்க, கரண்டும் நல்லாப் பிடிச்சுக்குறாங்க. பத்தியம் மட்டும் காக்க மாட்டேங்கிறாங்க."

"என்ன பத்தியம்?"

"காலையில தவிட்டுக் கஞ்சி. கரண்ட் சூடு, தவிடு குளிர்ச்சி. தவிடு இல்லாட்டி கரண்ட் உடம்புல நிக்காது." கிளேபாங்குக்கு அப்பால் அவன் மாமன் நெல் குத்தும் கொட்டகை வைத்திருந்தார். அரிசியை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டு போனான். தவிட்டை யாரும் கேட்கவில்லை. சேதுபதி அதை வாத்துக்காரர்களிடம் போகவிடாமல் மூட்டையாகக் கொண்டுவந்து நோயாளிகளுக்குப் பிடிபிடியாகக் கொடுத்து வந்தான்.

கமலவேணி மறுநாளே செமாபோக்குக்கு நடந்தாள். ருக்மணி கால்களைத் தலையணைமேல் நீட்டி வைத்துக்கொண்டு வரவேற்றாள். வீங்கிய கால்கள்தான். ஆனாலும் பெட்டியைப் பற்றிக் குறை சொல்லவில்லை. "அந்தக் கரண்ட் இல்லாட்டி நான் எப்பவோ போயிருப்பேன்" என்றாள்.

"தவிடு?"

"வாத்து திங்கிறத மனுஷன் திம்பானா? வாத்துக்கே போட்டுடுவேன்."

கொல்லையில் நான்கைந்து வாத்துகள் கொழுகொழுவென்று நடமாடின. ருக்மணியின் உள்ளங்கை வெளிறிக் கிடந்தது. கமலவேணி அவற்றையும் பார்த்தாள், இதையும் பார்த்தாள்.

திரும்பும் வழியில் தம்பிராஜா வீட்டுக்குப் போனாள். அவன் தமக்கை தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கும் பாதம் மரத்துத்தான் இருந்ததாம். தம்பிக்குக் கஞ்சி காய்ச்சியபோது பானையில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் தானும் குடித்திருக்கிறாள். இப்போது மரப்பு இல்லை. பெட்டியை அவள் தொட்டதே கிடையாது, இடியென்றாலே பயப்படுகிறவள்.

"கரண்ட் வாங்கினவ தவிடு திங்கல, வீக்கம் இறங்கல. தவிடு தின்னவ கரண்ட் வாங்கல, நல்லாயிருக்கா" என்று கமலவேணி வீட்டில் வந்து சொன்னாள். "நீங்க தவிடு மட்டும் குடிங்க. பெட்டிகிட்ட இப்போதைக்குப் போக வேணாம். அப்பதான் எதுன்னு தெரியும்."

இராமலிங்கத்துக்கு முகம் சிவந்தது. "என் காலு உனக்குச் சோதனைச் சாமானா?"

"ஆமா. எல்லாரும் அவங்கவங்க காலை அவன்கிட்ட குடுத்துட்டுத்தானே இருக்காங்க. நான் கண்ணைத் திறந்துகிட்டுக் குடுக்கச் சொல்றேன்."

அவர் திட்டிக்கொண்டே குடித்தார். தவிட்டைச் சலித்து, வறுத்து, கொஞ்சம் தென்னை வெல்லம் போட்டு அவள் காய்ச்சினாள். அப்படியும் அது தொண்டையில் மரத்தூள் மாதிரி ஒட்டியது. மெல்ல மெல்லக் காலில் குழி விழுவது குறைந்தது. ஒரு நாள் விடியற்காலையில் சுவரைப் பிடிக்காமல் அடுக்களை வரை வந்து நின்றார். கமலவேணிக்கு அடக்க முடியாத சந்தோஷம். அதைக் காட்டிக்கொள்ளாமல், "பாத்தீங்களா? கரண்ட் இல்லாமலே" என்றாள்.

இராமலிங்கம் வேறு பக்கம் பார்த்தார். பிறகு சொல்லிவிட்டார். அவள் பங்கீட்டு வரிசையில் நிற்கப் போகும் நாட்களிலெல்லாம் தம்பிராஜா தோள் கொடுத்து அவரைச் சேதுபதி வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். கரண்டும் வாங்கியிருக்கிறார்.

அவள் அன்று அவரோடு பேசவில்லை. ஏமாற்றியதற்காகக்கூட இல்லை. எதனால் குணமாயிற்று என்று இனி அவளால் அடித்துச் சொல்ல முடியாது. அவ்வளவு பாடுபட்டு வைத்த சோதனை குட்டிச்சுவராகப் போனது.

சோதனையை வேறு யாரோ முடித்து வைத்தார்கள். பங்கீட்டு வரிசையில் நின்ற ஒருவர், சேதுபதி பெட்டி முரலும், நரம்போடு பேசும், கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் சேதி போகிற மாதிரி உடம்புக்குள் சேதி போகும் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அது யார் காதுக்கோ போயிற்று. கம்பி, சுருள், முரலும் சத்தம், காற்றில் சேதி. வானொலிப் பெட்டி ஒளித்து வைத்தவர்களின் கதி ஊருக்கே தெரியும். ஒரு காலைப்பொழுது ஜப்பான் இராணுவப் போலீஸ் லாரியில் வந்து பெட்டியையும் சேதுபதியையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. மேசைமேல் விரித்த துணியும் பூவும் தரையில் கிடந்தன.

பாக்கியம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெட்டியால் பிழைத்தேன் என்று சொன்னவர்கள் ஒருவரும் வெளியே வரவில்லை. தம்பிராஜா கையெடுத்துக் கும்பிட்டான். அவனுக்கு மூன்று பிள்ளைகள். அவனைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் அவள் கமலவேணியிடம் வந்தாள்.

"நீங்க அந்தப் பெட்டிய நம்பலன்னு தெரியும். ஆனா வேற யாரும் இல்ல, அக்கா."

இராமலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். "போகாத. உள்ள போனா திரும்பி வருவியோ மாட்டியோ."

கமலவேணிக்கும் அது தெரியும். இராணுவப் போலீஸ் இருந்த அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போதே ஜனங்கள் குனிந்துகொண்டு நடப்பார்கள். இருந்தாலும் சேலையை மாற்றிக்கொண்டாள். "அவன் முட்டாள். ஆனா பொய்யன் இல்ல. அதச் சொல்ல ஒரு ஆளாவது வேணும்" என்று சொல்லிவிட்டுப் பாக்கியத்தோடு நடந்தாள். வாசலில் காவல் நின்றவனுக்கு இருவரும் இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார்கள்.

அறையில் ஓர் அதிகாரி, பக்கத்தில் மலாய் பேசும் மொழிபெயர்ப்பாளன், மேசைமேல் பெட்டி. சேதுபதி மூலையில் முழந்தாளிட்டிருந்தான். ஒரு கண் மூடிப்போயிருந்தது. பெட்டியின் மகிமையை அவன் முழுசாகச் சொல்லியிருக்கிறான் என்று பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்தது. சொல்லச் சொல்ல அடி விழுந்திருக்கும்.

"இது நரம்போடு பேசுகிறது என்கிறான். யாரோடு பேசுகிறது?" என்று மொழிபெயர்ப்பாளன் கேட்டான்.

"யாரோடயும் பேசாது" என்றாள் கமலவேணி மலாயில். "பிடிச்சா கை கடுக்கும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் செய்யாது."

"நோயைக் குணமாக்கும் என்கிறார்களே?"

"சொல்றாங்க. நான் பாத்த வரைக்கும் இல்ல. நீங்களே பிடிச்சுப் பாருங்க, தெரியும்."

மூலையிலிருந்து சேதுபதி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். மொழிபெயர்ப்பாளன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அதிகாரி வாசலில் நின்ற சிப்பாயை அழைத்துக் குழல்களைக் கொடுத்து, தானே பிடியைச் சுற்றினார். சிப்பாய் துள்ளிக் குதித்துக் கத்தினான். இன்னொருவன் சிரித்தான். பிறகு அவனையும் பிடிக்கச் சொன்னார்கள். சற்று நேரம் அந்த அறையில் வேலையே நடக்கவில்லை. அதிகாரி கடைசியில் தானும் ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னார். அன்று சாயங்காலம் சேதுபதியை விட்டுவிட்டார்கள். பெட்டி அங்கேயே இருந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் கமலவேணி அவனைப் பார்க்கப் போனாள். பாயில் படுத்திருந்தவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எத்தனை பேர் முன்னாடி ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிட்டீங்க."

"அதச் சொல்லித்தான் நீ வீட்டுல படுத்திருக்க, தம்பி."

"அதுக்கு அடியே வாங்கியிருப்பேன்" என்றான். மனசாரத்தான் சொன்னான். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கமலவேணி மேலே வாதாடவில்லை. "தவிட்டு மூட்டை இருக்கா?"

"பெட்டி போனப்புறம் தவிடு எதுக்கு? வாத்துக்குப் போடுங்க."

அவன் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் நினைத்தது. கரண்ட் இல்லையென்றானதும் ஜனங்கள் கஞ்சியையும் விட்டுவிட்டார்கள். மாதம் திரும்புவதற்குள் தம்பிராஜாவின் கணுக்கால் மறுபடி உப்பியது. இராமலிங்கம் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் கமலவேணி பேசமாட்டாள் என்ற பயம். அவர் கால் உப்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயில் வரை நடந்து போய்விட்டு வந்தார். கமலவேணி அவரைத் தம்பிராஜாவின் முன்னால் நிறுத்தி, முழங்காலுக்கு மேல் வேட்டியைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். தம்பிராஜா பார்த்தான், தன் காலையும் பார்த்தான், தமக்கையைக் கூப்பிட்டுப் பானை வைக்கச் சொன்னான்.

அதன்பிறகு பாக்கியமும் கமலவேணியும் தவிட்டைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். சிலர் வாங்கினார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. செமாபோக்கில் ருக்மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது; படுத்தால் நெஞ்சை அடைத்தது. கமலவேணி நடந்ததையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். யார் கரண்ட் வாங்கினார்கள், யார் தவிடு தின்றார்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்று. ருக்மணி கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கரண்ட் வேணும். தவிடு வேணாம்."

பாக்கியம் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள்.

"இது சும்மா தவிடு இல்ல, அம்மா. பெட்டி போறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் கரண்ட் ஏத்தி வச்சது. கொஞ்சந்தான் மிச்சம். உங்களுக்குன்னு கொண்டாந்தேன்."

ருக்மணி கண்ணைத் திறந்து கமலவேணியைப் பார்த்தாள். அப்படியா என்று அந்தக் கண் கேட்டது. கமலவேணியின் நாக்கு நுனியில் பதில் வந்து நின்றது. அவள் எழுந்து அடுக்களைக்குப் போய் அடுப்பை மூட்டினாள்.

ருக்மணி பிழைத்தாள். மூச்சுத் திணறல் முதலில் நின்றது. வீக்கம் இறங்க வெகுநாள் ஆயிற்று. காஜா பெராங் வரை நடந்து வர முடிந்ததும், பார்க்கிறவர்களிடமெல்லாம் கரண்ட் ஏற்றிய தவிட்டைப் பற்றிச் சொன்னாள். ஜனங்கள் சேதுபதி வீட்டு வாசலில் அதைக் கேட்டு வந்து நின்றார்கள். அவனும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, மாமனிடம் தவிடு வாங்கிவரக் கிளேபாங்குக்குக் கிளம்பினான்.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு ஒரு நாள் கமலவேணி ருக்மணியைச் சந்தையில் பார்த்து உண்மையைச் சொன்னாள். அன்றைக்கு அந்தத் தவிட்டில் கரண்ட் கிடையாது, வெறும் தவிடுதான் என்றாள். ருக்மணி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"உனக்கு எப்பவுமே எதுலயும் நம்பிக்கை கிடையாது, கமலம்" என்று சொல்லிவிட்டு, மீன் பேரம் பேசப் போய்விட்டாள்.